நோயாளி ரிப்போர்ட்டை மெயிலிலும் தபாலிலும் அனுப்புவது எப்படி? (மதுரை, சின்ன க்ளினிக்)

க்ளினிக்_கவுண்டர்:

வணக்கம். அண்ணாநகர் பக்கம் ஒரு சின்ன க்ளினிக்கில் ஆபீஸ் வேலை முழுக்க நான்தான் பார்க்கிறேன். மாடியில் மனநல டாக்டர், கீழே குழந்தையின்மைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா, பின்பக்கம் ஒரு லேப். வருகிறவர்களில் பாதிக்கு மேல் வெளியூர்தான்: கம்பம், போடி, உசிலம்பட்டி, பரமக்குடி, சிவகங்கை. ஒரு தாள் வாங்குவதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வர முடியாது, அனுப்பி வையுங்கள் என்கிறார்கள். நியாயமான பேச்சு.

இப்போது எப்படி நடக்கிறது என்றால், க்ளினிக்குக்கு ஒரே ஒரு ஜிமெயில், அதை ரிசப்ஷன், லேப், நான் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் திறக்கிறோம். ரிப்போர்ட்டை பிடிஎஃப் ஆக்கி, நோயாளியின் பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாகப் போட்டு அனுப்புகிறோம். மெயில் இல்லாதவர்களுக்குக் கவர், கூரியர். போன வாரம் ஒரு பெண் போன் செய்து, "உங்க க்ளினிக் பேர் போட்ட கவர் எங்க வீட்டு வாசலுக்கு வரவே கூடாது, தெருவே பார்க்கும்" என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மா அதைக் கேட்டதும் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணு என்று என் தலையில் கட்டிவிட்டார்.

பிறந்த தேதி பாஸ்வேர்டு போதுமா? தபாலில் அனுப்பினால் எப்படி அனுப்ப வேண்டும், ரிஜிஸ்டர் தபாலே இப்போது இல்லை என்கிறார்களே? சட்டத்தில் என்ன சொல்லியிருக்கிறது? ஒரு கம்பெனிக்காரர் வந்து ஹிப்பா, ஹிப்பா என்று சொல்லி பெரிய தொகைக்கு சாஃப்ட்வேர் விற்கப் பார்க்கிறார், அது நமக்குத் தேவையா? வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நெட்வொர்க்_பாண்டி:

மெயில் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன், தபால் எனக்குத் தெரியாது.

ஜிமெயிலிலிருந்து இன்னொரு ஜிமெயிலுக்குப் போகிற கடிதம் வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாதபடிதான் போகிறது, அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். வேறு சில சின்ன கம்பெனி மெயில் சர்வர்களுக்குப் போகும்போது அந்தப் பூட்டு இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் நிஜமான தொந்தரவு வழியில் இல்லை, இரண்டு முனையிலும் இருக்கிறது. உங்கள் "அனுப்பியவை" பெட்டியில் அந்த ரிப்போர்ட் கிடக்கிறது, அவர்கள் இன்பாக்ஸிலும் கிடக்கிறது. யாருடைய போனில் அந்த மெயில் லாகின் ஆகி இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் பார்க்கலாம். நம்மூரில் அப்பாவின் மெயிலை மகன் உருவாக்கியிருப்பான், அது மகன் போனிலும் மருமகள் டேப்லெட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் பிறந்த தேதி பாஸ்வேர்டு எனக்குப் பிடிக்காது. நூறு வருஷத்துக்குக் கணக்குப் போட்டாலும் மொத்தம் 36,500 தேதிதான். ஒரு சாதாரண லேப்டாப்பில் பாஸ்வேர்டு உடைக்கும் புரோகிராமை ஓட விட்டால் டீ ஆறுவதற்குள் திறந்துவிடும். சரி, கம்பத்தில் யார் உட்கார்ந்து அதை எல்லாம் உடைக்கப் போகிறார்கள் என்பீர்கள். உடைக்கவே வேண்டியதில்லை, வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அந்தத் தேதி தெரியும்! உங்கள் நோயாளி யாரிடமிருந்து மறைக்க நினைக்கிறாரோ அவருக்குத்தான் முதலில் தெரியும். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும் சேர்த்துப் போடுகிற லேப்களும் இதே கதைதான்.

பதிலாக, பதிவு செய்யும் நாளிலேயே ஒரு பாஸ்வேர்டு பேசி வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு சொல், நடுவில் ஒரு எண், வெண்டைக்காய்-லாரி-42-திண்ணை மாதிரி, ஆங்கில எழுத்தில். போனில் சொல்லவும் சுலபம். கேஸ் ஷீட்டில் எழுதாமல் தனி நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். அப்படிப் பேசி வைக்காதவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று போட்டு, போன் செய்து வாயால் சொல்லுங்கள். மெயிலில் ரிப்போர்ட், அடுத்த மெயிலிலேயே பாஸ்வேர்டு என்று அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பூட்டாமலேயே அனுப்பலாம்.

பிடிஎஃப் பூட்டுவதில் இரண்டு வகை இருக்கிறது. திறப்பதற்கே பாஸ்வேர்டு கேட்பது ஒன்று. பிரிண்ட் எடுக்கக் கூடாது, காப்பி செய்யக் கூடாது என்று தடுப்பது இன்னொன்று. இரண்டாவது வெறும் ஒப்புக்கு, அதை நீக்குவது சுலபம். முதல் வகையைத்தான் போட வேண்டும். விண்டோஸ் வேர்டில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ஆப்ஷன்ஸ் உள்ளே அது இருக்கிறது, லிப்ரே ஆபீஸில் ஏற்றுமதி செய்யும் பெட்டியில் செக்யூரிட்டி என்று ஒரு பக்கம் இருக்கும், அது இலவசம். தயவு செய்து கூகுளில் தேடி வருகிற "ஆன்லைனில் பிடிஎஃப் பூட்டுங்கள்" தளங்களில் ரிப்போர்ட்டை ஏற்றாதீர்கள். பூட்டுவதற்காக முன்பின் தெரியாத யாருடைய சர்வரிலோ பூட்டாத ரிப்போர்ட்டை வைத்துவிட்டு வருகிற வேலை அது.

அப்புறம் சப்ஜெக்ட் வரியும் ஃபைல் பெயரும். உள்ளே ஆயிரம் பூட்டு போட்டுவிட்டு வெளியே பெயரோடு "விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்" என்று ஃபைல் பெயர் வைத்தால் என்ன பிரயோஜனம்? போன் பூட்டியிருக்கும்போதே திரையில் நோட்டிபிகேஷனாக அது தெரியும். "நீங்கள் கேட்ட தாள்" என்று சப்ஜெக்ட், ஃபைலுக்கு உங்கள் ஓபி எண், அவ்வளவு போதும். அனுப்புகிற மெயிலின் பெயரும் க்ளினிக்கின் முழுப் பெயராக இருக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

முகவரி தவறுவதுதான் எங்கும் அதிகமாக நடப்பது. முரு என்று அடித்தால் ஜிமெயில் ஆறு முருகேசனைக் காட்டும். போனில் ஸ்பெல்லிங் கேட்டு எழுதுவதையும் நிறுத்துங்கள். நோயாளியையே அவர் மெயிலிலிருந்து உங்களுக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள், வந்ததும் அவருக்குப் போன் செய்து நீங்கள்தானா என்று கேட்டுவிட்டு அதற்குப் பதிலாகவே ரிப்போர்ட்டை இணைத்து அனுப்புங்கள். எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை.

ஒரே பாஸ்வேர்டில் எல்லோரும் நுழைவதை இன்றைக்கே விடுங்கள். வேலையை விட்டுப் போன பெண்ணின் போனில் அந்த மெயில் இன்னும் ஓடுகிறதா என்று உங்களுக்குத் தெரியுமா? ஆளுக்கு ஒரு கணக்கு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனிலும் ஒரு தடவை உறுதி கேட்பது).


அலங்காநல்லூர்_ரைடர்:

எதற்கு இவ்வளவு சுற்று? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாது என்று அவர்களே எழுதிப் போடுகிறார்கள். எங்கள் அம்மாவின் எல்லா ரிப்போர்ட்டும் எனக்கு அதில்தான் வருகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை.


ரெக்கார்டு_ரூம்_அக்கா:

தம்பி, "அம்மாவின் ரிப்போர்ட் எனக்கு வருகிறது" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் ஆரம்பிக்க வேண்டும். அம்மா சம்மதித்துத்தான் வருகிறது என்றால் சரி. ஆனால் மகன் என்று சொல்லி எங்களுக்குப் போன் செய்கிறவர் எல்லோரும் அம்மா சம்மதத்தோடு பேசுவதில்லை. சொத்துத் தகராறு, விவாகரத்து, வரன் பேசும் இடத்தில் விசாரிப்பது, எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரித் தாள் தேடி வருவார்கள். நான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரெக்கார்டு செக்‌ஷனில் பல வருஷமாக இருக்கிறேன், பெயர் வேண்டாம்.

வாட்ஸ்அப் வழியில் பூட்டித்தான் போகிறது, அது உண்மை. போய்ச் சேர்ந்த பிறகு? போட்டோவாக அனுப்பினால் கேலரியில் தானாக இறங்கும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்குப் போகும், வீட்டில் டிவியோடு அதை இணைத்திருந்தால் கல்யாண போட்டோவுக்கு நடுவே ஸ்கேன் ரிப்போர்ட் ஓடும். பேக்கப்பைப் பூட்டும் வசதி 2021-லிருந்து இருக்கிறது, நாமே போய் ஆன் செய்தால்தான் உண்டு, யார் செய்கிறார்கள்? பிறகு பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்காரர் நம்பருக்கு அனுப்புவார்கள். கோரிப்பாளையத்தில் ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கும் எந்தக் கடைக் கம்ப்யூட்டரையும் திறந்து பாருங்கள், டவுன்லோடு ஃபோல்டரில் ஊர் ஜனத்தின் நோயெல்லாம் இருக்கும். நோயாளி அவசரத்துக்குக் கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை, பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் ஆக, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ரிசப்ஷன் பெண்ணின் சொந்த போனிலிருந்து மட்டும் வேண்டாம்.

க்ளினிக்_கவுண்டர், உங்களுக்கு முதல் வேலை ஒரு தாள் அச்சடிப்பது. எந்த மெயிலுக்கு, எந்த நம்பருக்கு, எந்த முகவரிக்கு அனுப்பலாம், யாரிடம் பேசலாம், யாரிடம் பேசவே கூடாது, கவரில் க்ளினிக் பெயர் வரலாமா. நோயாளியே எழுதிக் கையெழுத்துப் போடட்டும், தேதியோடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், ஆனால் கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு. கூட வந்த மாமியாரை வைத்துக்கொண்டு "யாரிடம் சொல்லக் கூடாது" என்று கேட்டால் அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்?

உங்கள் இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தையின்மை என்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே ஃபைலாகப் போட்டு வைத்திருப்பீர்கள். அனுப்பும்போது அவர் ரிப்போர்ட் அவருக்கு, அவள் ரிப்போர்ட் அவளுக்கு. இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தால் சேர்த்து அனுப்பலாம். குறை யார் பக்கம் என்பதை வைத்துக் குடும்பமே உடைகிற ஊர் இது, அதனால் சொல்கிறேன்.

மனநல டாக்டர் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைப் பற்றியது, 25-ஆவது பிரிவு நோயாளி தன் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை. கணவர் வந்து "என் மனைவி சாப்பிடும் மாத்திரை விவரத்தை மெயில் பண்ணுங்கள்" என்றால் அனுப்பக் கூடாது. மனைவி அவரைத் தன் நியமனப் பிரதிநிதியாக எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று பார்த்து டாக்டரிடம் அனுப்புங்கள், கவுண்டரில் நீங்கள் முடிவு எடுக்காதீர்கள். ஹெச்ஐவி ரிசல்ட் என்றால் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, 2017-இல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாங்கள் அந்த ரிசல்ட்டை மெயில், தபால் எதிலும் அனுப்புவதில்லை, நேரில் வரச் சொல்லி, ஆலோசகர் முன்னால் கொடுக்கிறோம். நீங்களும் அதையே செய்யுங்கள்.

இன்சூரன்ஸ்காரர்கள் ஃபைல் முழுவதையும் கேட்பார்கள். கேட்டதை எல்லாம் ஸ்கேன் செய்து தள்ளாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், சம்பந்தப்பட்ட ரிசல்ட் போதும். கவுன்சலிங்கில் பேசியதை எழுதிய பக்கம் எதற்கு அவர்களுக்கு?


தபால்_ஓய்வு:

அக்கா சொன்ன தாளில் முகவரிப் பகுதியைப் பெரிதாக அச்சடியுங்கள். நான் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன், மதுரை கோட்டத்தில் கிராமத்து ஆபீஸ், டவுன் ஆபீஸ் இரண்டும் பார்த்தவன்.

ரிஜிஸ்டர் தபால் போய்விட்டது என்று பேசிக்கொள்வது பாதி சரி. 2025 செப்டம்பர் 1 முதல் அதை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் அக்டோபர் 1-ஆம் தேதி வந்த புதிய கட்டணத்தில், ஸ்பீட் போஸ்ட் கவருக்கு மேலே 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டினால் ரிஜிஸ்ட்ரேஷன் என்று தனியாகச் சேர்க்கலாம். அதைச் சேர்த்தால் பெறுநர் கையில், அல்லது அவர் எழுதிக் கொடுத்து அதிகாரம் தந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். சேர்க்காவிட்டால் முகவரியில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். உங்களுக்கு வேண்டியது முதலாவது. அதே மாதிரி இன்னொரு 5 ரூபாய்க்கு ஓடிபி டெலிவரியும் இருக்கிறது, போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் கவர் கைக்கு வரும். கவுண்டரில் கேட்டால்தான் போடுவார்கள், வெறும் ஸ்பீட் போஸ்ட் என்று நீட்டினால் வெறும் ஸ்பீட் போஸ்ட்டாகத்தான் போகும்.

ஓடிபி போடும்போது எந்த நம்பர் எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். வீட்டில் ஒரே ஒரு போன், அது மாமனார் பையில் இருக்கிறது என்றால் ஓடிபி மாமனாருக்குத்தான் போகும். அங்கே ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் போதும்.

இரண்டு கவர் போடுங்கள். உள் கவரில் "இவர் மட்டும் பிரிக்கவும்" என்று பெயரோடு எழுதி நன்றாக ஒட்டுங்கள். வெளிக் கவர் கெட்டியான காக்கி, உள்ளே இருப்பது வெளிச்சத்தில் தெரியக் கூடாது, ஜன்னல் வைத்த கவர் வேண்டவே வேண்டாம். அனுப்புநர் முகவரி கட்டாயம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது எங்கே போகும்? ஆனால் அதில் க்ளினிக் பெயர்ப்பலகையை எழுத வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. உங்கள் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு. முத்திரை, லோகோ, சிவப்பில் "ரகசியம்" என்று கொட்டை எழுத்து, இதெல்லாம் கூடாது. ரகசியம் என்று எழுதிய கவரை ஊரில் யாரும் பிரிக்காமல் விட்டதாக என் சர்வீஸில் ஞாபகம் இல்லை.

கிராமத்தில் தபால்காரருக்கு எல்லோரையும் தெரியும், அது உதவியும்தான், உபத்திரவமும்தான். வீடு பூட்டியிருந்தால் எதிர்த்த டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவது சாதாரணத் தபாலுக்கு நடக்கும். அதனால் வீட்டுக்கே வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. போஸ்ட் ரெஸ்டான்ட். பெறுநர் பெயர், கீழே போஸ்ட் ரெஸ்டான்ட் என்று எழுதி, எந்தத் தபால் நிலையமோ அதன் பெயரும் பின்கோடும் போட்டால் கவர் அந்த ஆபீஸிலேயே இருக்கும், அவரே போய் அடையாள அட்டை காட்டி வாங்கிக்கொள்ளலாம். சின்னக் கிளை ஆபீஸுக்கு எழுதாமல் உசிலம்பட்டி, போடி மாதிரி டவுன் ஆபீஸுக்கு எழுதுங்கள், முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள், அனுப்பிய அன்றே நோயாளிக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இந்த பஸ்ஸில் கொடுத்துவிடுகிற பழக்கம். "தேனி பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன், ஸ்டாண்டில் வாங்கிக்கோ" என்று லேப்காரர்கள் ரத்த சாம்பிளில் இருந்து ரிப்போர்ட் வரைக்கும் அனுப்புகிறார்கள். சீக்கிரம் போகும், மறுக்கவில்லை. ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது, தொலைந்தால் கேட்க ஆள் கிடையாது. வண்டி உதிரி பாகத்துக்கு அது சரி, இதற்குச் சரியில்லை.

ஒரிஜினலை அனுப்பாதீர்கள், நகல் போதும். ரசீதில் இருக்கும் ஆர்ட்டிகிள் எண்ணை ரிஜிஸ்டரில் எழுதி வையுங்கள், டெலிவரி ஆனதா என்று வலையில் பார்த்துவிட்டு நோயாளிக்கு ஒரு போன்.


கோடிங்_ஷிப்ட்:

ஹிப்பா கேள்விக்கு நான் வருகிறேன், அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்கிற வேலை எனக்கு, தினமும் அதில்தான் கிடக்கிறேன்.

ஹிப்பா 1996-இல் வந்த அமெரிக்கச் சட்டம். அண்ணாநகரில் இருந்து போடிக்கு ரிப்போர்ட் அனுப்பும் க்ளினிக்குக்கு அது பொருந்தாது. அமெரிக்க ஆஸ்பத்திரிக்காக நீங்கள் வேலை செய்தால், அவர்கள் உங்களோடு போடும் ஒப்பந்தத்தின் வழியாக அது உங்கள் மேலும் வரும், எங்கள் கம்பெனிக்கு அப்படித்தான். "ஹிப்பா சான்றிதழ் பெற்ற சாஃப்ட்வேர்" என்று அந்த ஆள் சொன்னால், எந்த அரசாங்க அலுவலகம் கொடுத்த சான்றிதழ் என்று கேளுங்கள், அமெரிக்க அரசு அப்படி ஒரு சான்றிதழ் கொடுப்பதே இல்லை. சுவாரசியம் என்னவென்றால், அந்தச் சட்டத்திலேயே நோயாளி கேட்டால் பூட்டாத சாதாரண மெயிலில் அனுப்பலாம், ஆபத்தை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். நோயாளியின் விருப்பம்தான் அங்கேயும் முன்னால் வருகிறது.

இங்கே உங்களுக்குப் பொருந்துவது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, அதன் கீழ் 2011-இல் வந்த விதிகள். அதில் உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவுகள் எல்லாம் உணர்திறன் மிக்க (சென்சிட்டிவ்) தனிப்பட்ட தகவல் என்ற பட்டியலில் வருகின்றன, சம்மதம் இல்லாமல் மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. அடுத்து 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி வரை போகலாம். உங்கள் க்ளினிக்குக்கு 250 கோடி போடுவார்கள் என்று விற்பனைக்காரர் பயமுறுத்தினால் நம்பாதீர்கள், அது உச்சவரம்பு. டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகளையும் பாருங்கள்: நோயாளி பதிவு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், உள்நோயாளிப் பதிவை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ரகசியம் ரகசியம் என்று சொல்லி நோயாளிக்கே ரிப்போர்ட்டைக் கொடுக்காமல் அலைய விடுகிற இடங்களும் இருக்கின்றன, அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. முகாம் அறிவிப்பு, தீபாவளி விடுமுறை என்று எல்லா நோயாளிகளுக்கும் ஒரே மெயில் போடுவீர்கள் இல்லையா, அதில் எல்லா முகவரியையும் "டூ" கட்டத்தில் போடாதீர்கள். லண்டனில் 56 டீன் ஸ்ட்ரீட் என்று ஒரு பாலியல் நல க்ளினிக், 2015 செப்டம்பரில் செய்திமடலை இப்படித்தான் அனுப்பினார்கள். 781 பேர் முகவரி, பெரும்பாலானவை முழுப் பெயரோடு, எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மடல் வாங்கியவர்களில் பலர் ஹெச்ஐவி உள்ளவர்கள். 1,80,000 பவுண்டு அபராதம். உள்ளே ஒரு ரிப்போர்ட்டும் இல்லை, வெறும் பெயர்ப் பட்டியல்தான். மனநல க்ளினிக்கின் மெயில் பட்டியலில் பெயர் இருப்பதே ஒரு ரிப்போர்ட்தான்.


க்ளினிக்_கவுண்டர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, ரெக்கார்டு ரூம் அக்கா சொன்ன தாளை நேற்றே தட்டச்சு செய்துவிட்டேன், டாக்டரம்மா "யாரிடம் பேசவே கூடாது" என்ற வரியைப் படித்துவிட்டு இதை ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றார். மாடி டாக்டர் தன் நோயாளிகளுக்கு மெயிலே வேண்டாம், மறு செக்கப்புக்கு வரும்போது கையில் கொடுத்தால் போதும் என்கிறார், அதுவும் சரிதான்.

இன்னும் இரண்டு கேள்வி. வேலூருக்கும் சென்னைக்கும் மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது எம்ஆர்ஐ சிடி போகிறது, அதைக் கூரியரில் போட்டால் பரவாயில்லையா? ஜிமெயிலில் ஒரு கான்ஃபிடென்ஷியல் மோடு இருக்கிறதே, அதைப் போட்டால் பாஸ்வேர்டு தொல்லை இல்லையே?


நெட்வொர்க்_பாண்டி:

கான்ஃபிடென்ஷியல் மோடில் ஃபார்வேர்டு, டவுன்லோடு, பிரிண்ட் பட்டன்களை எடுத்துவிடுவார்கள், ஒரு தேதிக்குப் பிறகு திறக்காது, நடுவிலேயே நிறுத்தவும் செய்யலாம், எஸ்எம்எஸ்ஸில் கோடு அனுப்பிக் கேட்கவும் வைக்கலாம். அந்தக் கடைசி வசதி மட்டும் உபயோகம். மற்றபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் முடிந்தது. நோயாளிக்கு ரிப்போர்ட்டை வைத்துக்கொள்ள வேண்டும், பிரிண்ட் எடுத்து வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும், அவருக்கு அது இடைஞ்சல்தான். பிடிஎஃப் பூட்டே மேல்.

எம்ஆர்ஐ சிடியில் இருக்கும் படங்கள் டைகாம் என்ற வகை. படத்தின் பெயரை மாற்றினாலும் ஒவ்வொரு படத்துக்கு உள்ளேயும் நோயாளி பெயர், பிறந்த தேதி, ஸ்கேன் எடுத்த இடம் எல்லாம் எழுதியிருக்கும், பார்க்கும் சாஃப்ட்வேரில் போட்டதும் மூலையில் வந்து நிற்கும். சிடிக்குப் பூட்டு கிடையாது. முடிந்தால் நோயாளி கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் முழு ஃபோல்டரையும் செவன்-ஜிப் (7-Zip) என்ற சுருக்கும் சாஃப்ட்வேரில் 7z வகையாகச் சுருக்கி, பாஸ்வேர்டு போட்டு, "ஃபைல் பெயர்களையும் மறை" என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். பழைய ஜிப் முறைப் பூட்டு பலவீனமானது, அதை எடுக்க வேண்டாம். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது, தானாக டிரைவ் இணைப்பாக மாற்றும், அப்போது "இணைப்பு உள்ள எவரும்" என்பதைத் தேர்ந்தெடுக்காமல் அந்த டாக்டரின் மெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, அவர் பார்த்ததும் அனுமதியை எடுத்துவிடுங்கள். அந்த மெயில் அந்த டாக்டருடையதுதானா என்பதை ஆஸ்பத்திரி போர்டு நம்பருக்கே போன் செய்து கேளுங்கள், நோயாளி எழுதிக் கொண்டுவந்த துண்டுச் சீட்டை நம்பாதீர்கள்.


ரெக்கார்டு_ரூம்_அக்கா:

ஆபா (ABHA) எண் உள்ள நோயாளிகள் இருந்தால் அதையும் விசாரியுங்கள், மருத்துவப் பதிவுகளுக்காக மத்திய அரசுத் திட்டத்தில் தரும் 14 இலக்க எண். சம்மதம் கேட்டு, ஒரு ஆஸ்பத்திரிப் பதிவை இன்னொரு ஆஸ்பத்திரி பார்க்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். சின்ன க்ளினிக்குகளில் இன்னும் பெரும்பாலும் சேரவில்லை, அதனால் இப்போதைக்கு மெயிலும் தபாலும்தான்.


க்ளினிக்_கவுண்டர்:

சரி. கடைசியாக ஒன்று. ஆளுக்கு ஒரு கணக்கு வாங்கிவிட்டோம். அந்தப் பழைய பொது ஜிமெயிலில் பல வருஷ ரிப்போர்ட் அப்படியே கிடக்கிறது. கணக்கையே மூடிவிடலாமா?


நெட்வொர்க்_பாண்டி:

உடனே மூடாதீர்கள், பழைய நோயாளிகள் அந்த முகவரிக்குத்தான் எழுதுவார்கள். முதலில் பாஸ்வேர்டை மாற்றி, செக்யூரிட்டி பக்கத்தில் லாகின் ஆகி இருக்கும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள், எத்தனை போன் பட்டியலில் வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். மீட்புக்குக் கொடுத்த போன் நம்பரும் மெயிலும் யாருடையது என்றும் பாருங்கள். பிறகு தேடும் கட்டத்தில் இணைப்பு உள்ளவை மட்டும் என்று வடிகட்டி, வைத்திருக்க வேண்டியதைப் பூட்டிய ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, மற்றதை அழியுங்கள். அழித்தவை ட்ராஷில் 30 நாள் இருக்கும், அதையும் காலி செய்யுங்கள். ரிசப்ஷன் கம்ப்யூட்டர் டவுன்லோடு ஃபோல்டர் தனி, அது ஜிமெயிலில் அழித்தால் போகாது.


தபால்_ஓய்வு:

கூரியரிலிருந்து திரும்பி வந்த கவர்கள் ஏதும் அலமாரியில் கிடந்தால் அதையும் பாருங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள், கடலை மடிக்க வந்துவிடும்.